ஸால்மன் பஞ்சாங்கம்

மீன் பிடிப்பதற்கும் பஞ்சாங்கம் உண்டா என்று நேயர்கள் நகைக்கக் கூடும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில், பசிபிக் மகாசமுத்திரத்தின் கரையிலுள்ள வாஷிங்டன் ராஜ்யத்தில் உண்டு. (தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு, இரண்டுக்கும் நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது.) அங்கே வருஷா வருஷம் பிப்ரவரி மாதத்தில் கணிதம் ஆரம்பமாகி ஏப்ரல் மாதத்தில் முடிகிறது. இன்ன ஆற்றில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையில், இன்ன ஜாதி ஸால்மன் மீனை, ஆளுக்கு இத்தனை வீதம் பிடிக்கலாம் என்று நிர்ணயித்து அச்சிட்டு வெளியிடுகிறார்கள். அந்த ஏடு நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைவிட மெலிந்ததன்று; எளிதில் விளங்குவதும் அன்று.

இதைக் கணிப்பவர்கள் ஜோசியர்கள் அல்லர். ராஜ்ய ஸர்க்காரின் மீன் இலாகா உத்தியோகஸ்தர்கள் ஒரு பக்கம். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான பழங்குடியினரின் பிரதிநிதிகள் ஒரு பக்கம். வலை போட்டுப் பிழைப்பவர்கள், தூண்டில் போட்டுப் பொழுது போக்குபவர்கள், படகை வாடகைக்கு விடுபவர்கள் எல்லாரும் சுற்றிலும். ஓரிகன் கரையில் பால்கன் முனை என்று ஒரு நிலமுனை இருக்கிறது. அதற்கு வடக்கேயுள்ள கடலுக்கும் ஆறுகளுக்கும் நாள் குறிப்பதனால், இந்த மாநாட்டுக்குப் ‘பால்கனுக்கு வடக்கு’ என்றே பெயர் வழங்கி வருகிறது. சுமார் நாற்பது வருஷ காலமாக நடந்துவரும் ஏற்பாடு. சில வருஷம் சுமுகமாக முடியும். 2016ல் ராஜ்யத்தாருக்கும் பழங்குடியினருக்கும் உரிய காலத்தில் சமாதானம் ஏற்படவில்லை. ப்யூஜெட் ஸவுண்ட் என்னும் உள்கடலில் மே மாதம் பிறந்தும் தூண்டில் போட இடமில்லாமல் ஜனங்கள் வாரக் கணக்கில் காத்திருந்தார்கள். மே மாதக் கடைசியில்தான் உடன்பாடு பிறந்தது.

ஒரு வாரம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, இதற்காகவா இத்தனை தகராறு என்று தோன்றலாம். கரையோரக் கிராமத்தில் ஒரு படகும் கழுத்து மட்டும் கடனும் வைத்திருப்பவனைக் கேட்டால் தெரியும். அவனுடைய வருஷ வரும்படி அத்தனையும் சில வாரங்களுக்குள் வந்தாக வேண்டும். அந்த வாரங்களில் ஒன்றை வெட்டினால், அது அவன் வீட்டு அடுப்பில் போய் விழுகிறது. மற்றொரு பக்கத்தில், ஓர் ஆற்றுக்குத் திரும்பி வரவேண்டிய கடைசிச் சில நூறு மீன்கள் அந்த வாரத்திலேதான் படகின் பக்கமாக வருகின்றன என்றால், அந்த ஒரு வாரத்தை விட்டுக் கொடுப்பது அந்த ஆற்றையே விட்டுக் கொடுப்பதாகும். இரண்டும் வாஸ்தவம். சங்கடம் இதுதான்.

இந்த மீனின் பிறப்பு வளர்ப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் சங்கடம் இன்னும் நன்றாக விளங்கும். நதியின் தலைப்பக்கத்தில், குளிர்ந்த தெளிநீரில், சரளைக் கற்களின் நடுவே ஸால்மன் முட்டையிலிருந்து வெளிவருகிறது. சில ஜாதிகள் சீக்கிரத்திலும் சில ஜாதிகள் ஒன்றிரண்டு வருஷம் பொறுத்தும் கடலுக்குப் புறப்படுகின்றன. சமுத்திரத்தில் சில வருஷங்கள் திரிந்து, தின்று, கொழுத்து, பிறகு தான் பிறந்த அதே ஆற்றைத் தேடித் திரும்புகின்றன. கரைக்கு அருகில் வந்ததும் பிறந்த ஓடையின் நீர் வாசனையே வழி காட்டுகிறது. நதியில் புகுந்த பிறகு ஆகாரம் கிடையாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துக்கொண்டே எதிர்நீச்சல் போட்டு, முட்டையிட்டு, அங்கேயே உயிரை விட்டுவிடுகின்றன. வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடுவதும் நம் பக்கத்து வலைஞர்கள் உல்லம் என்று சொல்வதுமான மீனும் கடலிலிருந்து நதி ஏறி முட்டையிடுவதுதான். ஆனால் உல்லத்துக்கு அதோடு ஆயுள் முடிந்துவிடுவதில்லை. பசிபிக் ஸால்மனுக்கு ஒரே ஒரு யாத்திரை. ஒரே ஒரு பிரசவம்.

பிறந்த ஆற்றுக்கே திரும்புவதனால் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தனிக் கோத்திரம் ஏற்பட்டிருக்கிறது. ஒன்று வசந்தத்தில் வரும். மற்றொன்று இலையுதிர் காலத்தில் வரும். ஒன்று நூறு மைல் ஏறும். மற்றொன்று தொள்ளாயிரம் மைல் ஏறும். ஒரு கோத்திரம் அழிந்துபோனால் பக்கத்து ஆற்று மீனைக் கொண்டுவந்து விட்டுச் சரிக்கட்டுவது சுலபமல்ல. ஆனால் கடலிலும் நதியின் முகத்திலும் இந்தக் கோத்திரங்கள் யாவும் ஒன்றாய்க் கலந்து வருகின்றன. வலையை வீசுகிறவன் மீனிடம் கோத்திரம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? செழிப்பான குலத்து மீன் பத்தும், நசித்துப் போகும் குலத்து மீன் ஒன்றும் அதே வலையில் வந்து விழுகின்றன.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதற்குக் கொலம்பியா நதியின் சரித்திரமே போதும். பூகோளப் புத்தகங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடும். வெள்ளையர் வருவதற்கு முன்னால் வருஷத்துக்கு 1 கோடி முதல் 1 கோடியே 60 லட்சம் வரையில் ஸால்மன்களும் அவற்றின் உறவு மீன்களும் அந்த நதிக்குத் திரும்பி வந்தன என்று பிற்காலத்தில் மதிப்பிட்டிருக்கிறார்கள். 1866ல் அந்நதிக் கரையில் முதலாவது டப்பாத் தொழிற்சாலை ஏற்பட்டது. அந்த வருஷம் அடைத்தது 4,000 பெட்டி. பெட்டிக்கு 48 பவுண்டு. 1883ல் அதுவே 6 லட்சத்து 30 ஆயிரம் பெட்டிக்குப் போய்விட்டது. அத்தனையும் பெரும்பாலும் சினூக் என்னும் ராஜ ஸால்மன். அதற்கப்புறம் அந்த ராஜாவுக்கு அத்தகைய வருஷம் வாய்க்கவில்லை. மீன் பிடிக்கக் கூடாத மாதங்களைச் சட்டத்தில் எழுதாமலும் இல்லை. ஆனால் நதியின் ஒரு கரை வாஷிங்டன், மறு கரை ஓரிகன். ஒரே நீரோட்டத்துக்கு இரண்டு சட்டம். இரு ராஜ்யங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு மத்திய காங்கிரஸின் சம்மதம் கிடைத்தது 1918ல்தான்.

பிறகு அணைகள் வந்தன. 1938ல் பானவில் அணை. அதில் மீன் ஏறுவதற்கு ஏணி வைத்தார்கள். 1942ல் கிராண்ட் கூலி அணை. அதில் ஏணியும் இல்லை, வழியும் இல்லை. அதற்கு மேலே நூற்றுக்கணக்கான மைல் ஓடைகளில் பிறந்துகொண்டிருந்த கோத்திரங்கள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அணைகள் மின்சாரமும் பாசனமும் கொடுத்தன. யுத்த காலத்தில் ஆகாய விமானங்களுக்கு வேண்டிய அலுமினியத்தைக் கொடுத்தன. அவற்றைக் கட்டியவர்கள் கொடியவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கிரயத்தைக் கொடுத்தது யார் என்பதைக் கணக்கில் எழுதத்தானே வேண்டும்? ஐடஹோ ராஜ்யத்து மலைகளின் நடுவே, 6,500 அடி உயரத்தில், ‘செம்மீன் ஏரி’ என்று பொருள்படும் பெயருள்ள ஏரி ஒன்று இருக்கிறது. ஸாக்கை என்னும் சிவந்த ஸால்மன்கள் ஒரு காலத்தில் ஏரியையே சிவக்க அடித்ததால் வந்த பெயர். கடலிலிருந்து தொள்ளாயிரம் மைல், நடுவிலே எட்டு அணை, இவற்றைக் கடந்து 1992ம் வருஷத்தில் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு மீன். அதுவும் ஆண் மீன். அமெரிக்கர்கள் அதற்குத் ‘தனிமையில் வாடும் லாரி’ என்று நாமகரணம் செய்தார்கள். வேடிக்கைப் பெயர்தான், ஆனால் அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர் அதிகமிருக்க மாட்டார்கள்.

மீன் குறைகிறதா? செயற்கையாகப் பொரிக்கச் செய்து ஆற்றில் விட்டால் போகிறது! இந்த யுக்தி புதிதன்று. கொலம்பியாவின் கிளை நதியான கிளாகமாஸில் 1877லேயே பொரிப்பகம் ஏற்பட்டுவிட்டது. தாய் மீனைப் பிடித்து, முட்டையை எடுத்து, தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து, கொஞ்சம் வளர்த்துக் கடலுக்கு அனுப்பிவிடுவது. இன்று அந்தப் பிரதேசத்தில் பிடிபடும் சினூக்கிலும் கோஹோவிலும் பெரும் பகுதி இப்படிப் பொரிப்பகத்திலிருந்து போனவையே. அவை இல்லாவிட்டால் மீன் பிடிக்கும் பருவம் என்ற பேச்சே பல ஆறுகளில் இராது. ஆனால் தொட்டியில் பிழைப்பதற்கான குணம் வேறு, ஆற்றில் பிழைப்பதற்கான குணம் வேறு. பொரிப்பகத்து மீன்கள் ஆற்றிலேயே பிறந்த இயற்கை மீன்களோடு கலந்து முட்டையிடும்போது, ஆற்றிலே வாழும் சாமர்த்தியம் அடுத்த தலைமுறையில் குறைந்துபோகிறது. செயற்கை மீன் எவ்வளவு ஏராளமோ, அவ்வளவுக்கவ்வளவு படகுகளும் ஏராளம். அந்தப் படகுகளின் நடுவே இயற்கை மீன் அகப்பட்டுக்கொள்கிறது.

1999ல் ப்யூஜெட் ஸவுண்டின் சினூக் மீனை, அழியும் அபாயத்திலுள்ள பிராணிகளைக் காக்கும் 1973ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்ச் சேர்த்தார்கள். அதற்கு முன்பிருந்தே ஓர் உபாயம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஸால்மன் மீனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்பாக, கட்டை விரல் நுனி போல ஒரு சின்னஞ் சிறு சதைத் துடுப்பு உண்டு. பொரிப்பகத்திலிருந்து விடும் குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பைக் கத்தரித்துவிடுகிறார்கள். இப்போது இயந்திரமே குஞ்சைப் பிடித்து, அளந்து, கத்தரித்து, கோடிக் கணக்கில் அனுப்புகிறது. சிலவற்றின் மூக்கிலே 1.1 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்புத் துணுக்கையும் செருகிவிடுகிறார்கள். எந்தப் பொரிப்பகம், எந்த வருஷம் என்பதற்கு அடையாளம் அதிலே இருக்கிறது. மூன்று நான்கு வருஷம் கழித்துத் தூண்டில்காரன் மீனைப் படகருகே இழுக்கிறான். துடுப்பு இல்லையா, எடுத்துக்கொள். துடுப்பு இருக்கிறதா, அது ஆற்றிலே பிறந்தது. படகுக்குள் ஏற்றாமல் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடு. கழற்றுவதற்குச் சுலபமாக, எதிர்முள் இல்லாத தூண்டிலைத்தான் பல இடங்களில் உபயோகிக்க வேண்டும்.

ஆக, கோத்திரம் கேட்க ஒரு வழி பிறந்துவிட்டது. இனி என்ன கவலை? கவலை இதுதான்: விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. இழுபட்ட களைப்பிலும் காயத்திலும் சில இறந்துபோகின்றன. ஆகவே பருவத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது, பிடிக்கக்கூடிய மீன் எத்தனை இருக்கிறது என்பதல்ல. விட்டுவிட வேண்டிய மீனில் எத்தனை சாகலாம் என்பதே. பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். எண்கள் நம் கற்பனை. ஓரிடத்தில் இயற்கை மீன் 100 வரையில் சாகலாம் என்று அனுமதி. விடப்படும் பத்தில் ஒன்று சாகிறது. தூண்டிலில் அகப்படும் நூறு மீனில் 20 இயற்கை மீன் என்றால் அவற்றில் சாவது 2. அப்படியானால் 5,000 மீன் அகப்படும் வரையில் பருவம் நடக்கலாம். 4,000 பொரிப்பகத்து மீன் வீட்டுக்குப் போகும். இப்போது இயற்கை மீன் நல்லபடி பெருகி, நூற்றில் 50 ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 5 சாகிறது. 2,000 மீனோடு பருவம் முடிந்தது. வீட்டுக்குப் போவது 1,000. முன்கூட்டிப் போட்ட அனுமதி அப்படியே நிற்கும் வரையில், எதைக் காப்பாற்றப் பாடுபட்டார்களோ அது எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் பருவம் சுருங்கிவிடுகிறது! “மீன் துள்ளுகிறதே, ஏன் மூடுகிறீர்கள்?” என்று தூண்டில்காரர்கள் கோபிப்பதில் ஆச்சரியமில்லை. கணக்கு சரிதான், ஆனால் சரியான கணக்கெல்லாம் மனசைச் சமாதானப்படுத்திவிடுமா?

இந்தக் கணக்கில் இன்னொரு பங்காளி உண்டு. அவரை நடுவில் சொன்னாலும், உரிமையில் அவரே முதல்வர். 1854, 1855ம் வருஷங்களில் கவர்னர் ஐஸக் ஸ்டீவன்ஸ் அந்தப் பிரதேசத்துப் பழங்குடியினரிடமிருந்து ஏராளமான நிலத்தை உடன்படிக்கைகளின் மூலம் எழுதி வாங்கிக்கொண்டார். பதிலுக்கு அவர்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் துறைகளில் எப்போதும்போல் பிடித்துக்கொள்ளலாம் என்று உறுதி எழுதிக் கொடுத்தார். நிலம் உடனே போய்விட்டது. உறுதி நூறு வருஷத்துக்கு மேல் காகிதத்திலேயே தூங்கிற்று. ‘மீனைக் காக்கிறோம்’ என்று சொல்லிப் பழங்குடி வலைஞர்களை ராஜ்ய அதிகாரிகள் கைது செய்தார்கள். நிஸ்குவாலி வகுப்பைச் சேர்ந்த பில்லி பிராங்க் முதல்முறை கைதான போது அவருக்கு வயது 14, வருஷம் 1945. அதன் பிறகு ஐம்பது தடவைக்கு மேல் அவரைப் பிடித்திருக்கிறார்கள். உப்பு எடுத்ததற்காகச் சிறை சென்றவர்களை அறிந்த நம் நாட்டாருக்கு, தன் ஆற்றில் மீன் எடுத்ததற்காகச் சிறை சென்றவரின் கதை அந்நியமாகத் தோன்றாது. 1974 பிப்ரவரி 12ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் சரிபாதி உடன்படிக்கைப் பழங்குடிகளுடையது என்று தீர்ப்பளித்தார். நீதிபதியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். 1979ல் ஸுப்ரீம் கோர்ட்டும் பெரும்பாலும் அதையே உறுதி செய்தது. பாதி கிடைத்தது, ஆனால் முழு மீன் எங்கே? பொறுப்பிலும் பாதி சேர்ந்து வந்தது. பருவத்தை வெட்டும்போது பழங்குடியினரும் தங்கள் நாட்களை வெட்டிக்கொள்கிறார்கள். பிடித்த மீனைத் துன்புறுத்தி விடுவது உணவை வைத்து விளையாடுவதாகும் என்று அவர்களில் சிலர் தூண்டில்காரர் முறையைக் கண்டிக்கிறார்கள். நமக்கும் அது நியாயமாகவே படுகிறது.

வேறு வழியே கிடையாதா என்றால், அலாஸ்காவின் பிரிஸ்டல் குடாவைப் பார்க்கலாம். அங்கே பொரிப்பகம் இல்லை. நதியை மறிக்கும் பெரிய அணை இல்லை. நதிக்கரையில் கோபுரம் கட்டி அதன்மேல் ஆள் உட்கார்ந்து, மணிக்குப் பத்து நிமிஷம் வீதம், ஏறிப் போகும் மீனைக் கண்ணால் எண்ணுகிறார். முட்டையிடப் போதுமான அளவு மேலே போய்ச் சேருகிறது என்று நிச்சயமானால்தான் வலைக்கு அனுமதி; அதுவும் மணிக் கணக்கில் திறந்து மணிக் கணக்கில் மூடுகிறார்கள். நாள் குறிப்பது மீன்தான், மனிதர் அல்லர். 2022ல் அந்தக் குடாவுக்கு 7 கோடியே 90 லட்சம் ஸாக்கை வந்தன. 6 கோடியைப் பிடித்த பிறகும் ஆறுகள் நிறைந்திருந்தன. கோபுரத்தின் மகிமை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அதே அலாஸ்காவில் யூகான் நதியின் சினூக் மிகவும் க்ஷீணித்துப்போய், 2024ல் அலாஸ்காவும் கானடாவும் அந்த மீனைப் பிடிப்பதையே ஏழு வருஷத்துக்கு, அதாவது மீனின் ஒரு தலைமுறைக் காலத்துக்கு, நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டன. கோடையில் குடும்பத்தோடு ஆற்றங்கரையில் குடிசை போட்டு, மாரிக் காலத்துக்கு மீன் உலர்த்திய ஜனங்கள் அவர்கள். இன்று பத்து வயதுள்ள குழந்தைக்கு அங்கே சினூக்கைக் கீறி உலர்த்தக் கற்றுக் கொடுக்க, அதன் பாட்டிக்கு மீன் கிடையாது.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், பருவத்தை வெட்டுவது அவசியம். ஆனால் அது மட்டும் போதும் என்று நினைப்பது அநியாயம். வெட்டுவதற்குச் சுலபமானவன் படகுக்காரன். அவன் கண்ணுக்குத் தெரிகிறான், சீட்டு வாங்கியிருக்கிறான், கூப்பிட்டால் வருகிறான். ஓடைக்கரை மரங்களை வெட்டித் தண்ணீரை வெயிலில் காய வைத்தவனும், சாலைக்கடியில் குறுகிய குழாயைப் போட்டு மீனின் வழியை அடைத்தவனும், மலையிடுக்கை மறித்தவனும் அந்த ஏப்ரல் மாநாட்டுக்கு வருவதில்லை. வராத இன்னொரு ஜீவன், சினூக்கையே பிரதான ஆகாரமாகக் கொண்ட ஓர்க்கா திமிங்கிலம். 2018ல் தாய்த் திமிங்கிலம் ஒன்று, பிறந்தவுடன் இறந்த தன் கன்றைத் தலையில் தாங்கிக்கொண்டு 17 நாள் நீந்தியதை உலகமே பார்த்தது. அதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டுமென்று இப்போது கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

வாஷிங்டன் ராஜ்யத்தின் எல்வா நதியில் 1913ல் அணை ஒன்று கட்டி முடித்தார்கள். மீனுக்கு வழி விடாமல் அணை கட்டலாகாது என்று ராஜ்யச் சட்டம் அப்போதே இருந்தது. வழிக்குப் பதிலாகப் பொரிப்பகம் வைத்துவிடலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். பொரிப்பகம் நடக்கவில்லை; 1922ல் அதைக் கைவிட்டார்கள். அணை மட்டும் நின்றது. அதற்கு மேலே 1927ல் இரண்டாவது அணையும் எழுந்தது. கடலிலிருந்து ஐந்து மைல் தூரத்திலேயே மீனுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. சுமார் நூறு வருஷம் கழித்து, 2011 முதல் 2014 வரையில் இரண்டு அணைகளையும் இடித்துத் தள்ளினார்கள். எல்வா கிளாலம் பழங்குடியினரும் மற்றவர்களும் அந்த ஆற்றில் ஸால்மன் பிடிப்பதை அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, பன்னிரண்டு வருஷம். தேங்கிக் கிடந்த வண்டல் கடலுக்குப் போயிற்று, ஓடைகளில் மறுபடி சரளை தெரிந்தது, மீன் ஏறிற்று. 2023 அக்டோபரில் அந்தப் பழங்குடியினருக்கு முதன்முதலாகப் பருவம் திறந்தார்கள். விற்பனைக்கு அல்ல, சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மட்டும். அனுமதித்த கோஹோ மீன்கள் 400.